குட்டிக்குக் கட்டிய கயிறு

ரிக்கு வண்டி ஓடின வீடுகளில் பிறந்த என் வயதுக்காரர்களுக்கு இதில் பாதி தெரிந்ததுதான். மீதிப் பாதிக்காகப் படியுங்கள்.

போன மாதம் என் சின்ன மகன் ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தான். அட்டைப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. கூடவே ஒரு சிவப்புப் பட்டை, பிளாஸ்டிக் கிளிப் வைத்தது. அதில் சின்ன மணி ஒன்று தொங்கியது. பெட்டியைக் கீழே வைத்த கையோடு குட்டியின் கழுத்தில் மாட்டப் போனான். நான் கையைப் பிடித்தேன்.

"ஏம்மா?"

"இன்னைக்கு வேண்டாம். மொதல்ல ஊடு பழகட்டும்."

மூன்றாம் நாள் சோறு வைக்கும்போது நானே மாட்டினேன். அது சோற்றைத்தான் பார்த்தது. தின்று முடித்ததும் கழற்றிவிட்டேன். மறுநாள் கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டேன். மணியை முதலிலேயே பிய்த்துப் போட்டாயிற்று. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் என் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் பட்டை சுவரில் ஆணியில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விரலை விட்டுப் பார்க்கிறேன்.

"நாய்க்குப் பட்டை போடறதுக்கு இத்தனை சட்டமா?" என்று மகன் சிரிக்கிறான்.

அவனுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா ரிக்கு வண்டியில் டிரில்லர். போர் போடுகிற, அதாவது பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிற மிஷினை லாரி மேல் ஏற்றியிருப்பார்கள். அதைத்தான் ரிக்கு என்போம். தை மாதம் பொங்கல் முடிந்து கிளம்பினால் வடக்கே எங்கெங்கோ போர் போட்டுவிட்டு ஆடி மழைக்குத்தான் திரும்பும். அந்த ஆறு மாதமும் எங்கள் தெருவில் மீசை வைத்த ஆள் என்று பார்த்தால் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர்தான்.

அந்த வருடம் வண்டி கிளம்புவதற்கு முன்னால் பட்டறையில் நின்றது. டீக்கடை நாய் அதன் அடியில் போய்க் குட்டி போட்டுவிட்டது. வண்டியை எடுத்துக் கழுவ வேண்டும் என்று முதலாளி வந்து நின்றார். அப்பா சாவியைக் கொடுக்கவில்லை.

"நாலு நாள் போகட்டுமுங்க. கண்ணு தொறக்கட்டும்."

"நாய்க்குட்டிக்காகவா ரிக்க நிறுத்துவாங்க?"

"நம்ம வண்டிக்கடியில பொறந்திருக்குதுங்க. நல்லதுதானுங்களே."

முதலாளி திரும்பிப் போய்விட்டார். ரிக்குக்காரர்களுக்குச் சகுனம் என்றால் சகுனம்தான்.

ஐந்து குட்டிகள். நாலை ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள். கடைசிக் குட்டியை, அது நன்றாக நடக்கத் தொடங்கியபோது, அப்பா காலி கிரீஸ் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். செவலை நிறம். நெற்றியில் மட்டும் வெள்ளை. தலையை முகர்ந்தால் டீசல் வாசம் அடித்தது. பெயர் வைக்கவில்லை. குட்டி என்றே கூப்பிட்டோம். பெரிதான பிறகும் அதுதான் பெயர். அந்த டப்பாவில் பிறகு அம்மா உப்புக்கல் போட்டு வைத்திருந்தாள். எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

வண்டி கிளம்பும் நாளில் மலையடிவாரத்தில் பூசை. எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் போவோம். எல்லாச் சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். பூசாரி ஆட்டு முடியும் நூலும் சேர்த்துத் திரித்த கருப்புக் கயிற்றை வண்டியின் முகப்பில் கட்டினார். அதே கயிற்றில் துண்டு துண்டாக அறுத்து வண்டியில் போகிற ஆட்கள் ஒவ்வொருவரின் மணிக்கட்டிலும் கட்டினார். கட்டும்போது சொன்னார்.

"வண்டி திரும்பி வர்ற வரைக்கும் இதை அவுக்கப்படாது. அறுக்கவும் படாது. பாத்துக்கோங்க."

ஒரு துண்டு மிச்சமிருந்தது. குட்டி என் கையில் இருந்தது. அப்பா அந்தத் துண்டைக் கேட்டு வாங்கினார்.

"இதும் நம்ம ரிக்குல பொறந்ததுதானுங்களே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பூசாரியும் சிரித்தார்.

அப்பாவே குட்டியின் கழுத்தில் கட்டினார். துளை போடுகிற இரும்பு ராடைத் தூக்கும்போது போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், தானாக அவிழாது. கட்டிவிட்டு ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

"ஒரு வெரல் போவுது. போதும்."

அவர் இரும்போடு வேலை செய்தவர். இரும்பு வளராது.

வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. எலுமிச்சம்பழம் நசுங்கிய வாசம் எனக்கு இன்றைக்கும் அப்பா போகிற வாசம்தான்.

முதல் இரண்டு நாள் குட்டி பட்ட பாடு கொஞ்சமில்லை. பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்தது. கயிற்றைக் கடிக்க வட்டமாகச் சுற்றியது. பின்பக்கமாகவே நடந்து போய் அடுப்பில் இடித்துக்கொண்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். களியை உருட்டிப் போட்டால் அந்த நேரத்துக்குக் கயிற்றை மறந்துவிடும். நாலாம் நாள் அடங்கிவிட்டது. பழகிவிட்டது என்று நினைத்தோம். பழகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

அப்பாவிடமிருந்து இருபது நாளைக்கு ஒரு கார்டு வரும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படிப்பேன். நலம், நலமறிய ஆவல், நாலு போர் முடிந்தது, இரண்டில் தண்ணீர். கடைசி வரியில் குட்டி எப்படி இருக்கிறது என்று இருக்கும். அதைப் படிக்கும்போது அம்மா, "நம்மளக் கேக்கறதுக்கு மின்ன நாயக் கேக்கறாரு பாரு," என்பாள். மறுபடி ஒருமுறை படிக்கச் சொல்வாள்.

பங்குனியோடு கார்டு நின்றுவிட்டது.

சித்திரை முழுக்க ஒன்றும் வரவில்லை. தபால்காரர் தெரு முனையில் திரும்பும்போதே தலையை ஆட்டிவிடுவார். அந்தச் சமயத்தில்தான் டீக்கடையில் ஒரு சேதி வந்தது. இந்தப் பக்கத்து வண்டி ஏதோ ஒன்றில் ராடு விழுந்து ஓர் ஆள் போய்விட்டாராம். எந்த ஊர், எந்த வண்டி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எங்கள் வண்டி இல்லை என்று தெரிய மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. இருந்த பழைய சோற்றைத்தான் கரைத்துக் குடித்தோம்.

எதிர்வீட்டு அத்தையின் வீட்டுக்காரரும் அப்பாவின் வண்டியில்தான் போயிருந்தார். அத்தை தினமும் வந்து அம்மாவோடு உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பேரும் வெங்காயம் உரிப்பார்கள்.

குட்டி வளர்ந்தது. கால் நீண்டது. கழுத்தும் பருத்தது. முடி அடர்ந்து கயிற்றை மூடிக்கொண்டது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை. எங்கள் கண் தபால்காரர் வரும் வழியில் இருந்தது.

முதலில் குரல் மாறியது. குரைத்தால் கரகரவென்று காற்றுதான் வந்தது. பிறகு தலையை ஒருபக்கமாகச் சாய்த்தே வைத்தது. பிறகு ஈ மொய்த்தது. சொறி என்று நினைத்தேன். ஒருநாள் மடியில் போட்டுத் தடவினேன். கயிற்றைத் தேடினேன். கிடைக்கவில்லை. விரலை அழுத்தினேன். குட்டி வீறிட்டது. விரல் ஈரமாக வந்தது. அந்த வாசம் சொல்ல வேண்டாம்.

"அம்மா, கயிறு உள்ள போயிருச்சு."

அம்மா வந்து முடியை விலக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மஞ்சளைக் குழைத்து வேப்பெண்ணெய் ஊற்றி மேலே பூசினாள்.

"அறுத்துரலாம்மா."

"அப்பா வரட்டும் சாமி."

"எப்ப வருவாரு?"

அம்மா கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள்.

எதிர்வீட்டு அத்தை வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்தது.

"அக்கா, அதுல கை வெச்சுராதீங்க. பூசாரி சொன்னாருல்லீங்க."

"வெக்கல அம்மிணி."

"உங்க ஊட்டுக்காரரு மட்டும் போகலீங்க. என்ற ஊட்டுக்காரரும் போயிருக்காரு."

"தெரியும் அம்மிணி."

அத்தை கெட்டவள் இல்லை. தன் கையாலேயே குட்டிக்குப் பால்சோறு பிசைந்து ஊட்டப் பார்த்தது. அத்தைக்கும் கண்ணில் நீர்தான். இன்றைக்கு இதைக் கேட்கிறவர்கள் சிரிக்கலாம். ஆள் வடக்கே இருக்கிறான், சேதி இல்லை, செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. ஒரு கயிற்றை அறுக்காமல் இருப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதை அறுத்திருப்போம்?

நானே அறுக்கவில்லை.

என்னிடம் பென்சில் சீவுகிற பிளேடு இருந்தது. புத்தகப் பையில் தாளில் மடித்து வைத்திருப்பேன். லீவு நாட்கள். அம்மா தண்ணீருக்குப் போகும்போது பிளேடை எடுத்துக்கொண்டு குட்டியின் பக்கத்தில் போய் உட்காருவேன். அது என் காலில் தலையை வைத்துக்கொள்ளும். கடிக்காது. அசையாது. நான் பிளேடைப் பிடித்துக்கொண்டு அப்பாவை நினைப்பேன். ராடு விழுவது போலத் தெரியும். பிளேடை மடித்து வைத்துவிடுவேன். இப்படி மூன்று நாள்.

நாலாம் நாள் குட்டி தொட்டியில் தண்ணீர் குடிக்கப் போனது. வாய் வைத்தது. விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. மறுபடி வாய் வைத்தது. மறுபடி வந்தது. நான் பிளேடோடு நின்றேன். அம்மா குடத்தோடு வந்துவிட்டாள்.

"கையில என்ன?"

காட்டினேன்.

"அறுத்துட்டயா?"

"இல்ல."

"ஏன்?"

"அப்பா," என்றேன்.

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். நாயை அவள் பல நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். என்னை அன்றைக்குத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிளேடை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"இது நீ பண்ற வேலை இல்ல சாமி. கெளம்பு."

பஸ்ஸில் ஏறப் போனோம். கண்டக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"நாயெல்லாம் ஏத்தப்படாதுங்கம்மா. சீட்டுல ஆளுங்க உக்கார வேண்டாமுங்களா?"

"மடியிலதான் வெச்சுக்குவேனுங்க."

"நாத்தம் தாங்காதுங்கம்மா."

உண்மைதான். அம்மா இறங்கிவிட்டாள். பழைய சேலையில் குட்டியைச் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நடந்தோம். வைகாசி வெயில். தார் காலில் ஒட்டியது. வழியெல்லாம் பட்டறைகள். இரும்பைத் தட்டுகிற சத்தம். ரிக்குகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு வண்டியையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் இருந்தார். வயதானவர். காக்கிச் சட்டை. குட்டியை மேசை மேல் வைத்து முடியை வெட்டி விலக்கினார்.

"எப்பக் கட்டுனது?"

"தையிலீங்க."

"இப்ப என்ன மாசம்?"

"வைகாசிங்க."

"அது நாளுக்கு நாள் கொடி மாதிரி வளந்துட்டுதான இருக்கும்? கயிறு கூடவே வளருமாம்மா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"அறுக்காம அவுக்க முடியுங்களா?" என்றாள் அம்மா.

"முடிச்சு சதைக்குள்ள இருக்குதும்மா. ஏன், அறுத்தா என்ன?"

அம்மா சொன்னாள். பூசையை, வண்டியை, கார்டு வராததை. இத்தனை வார்த்தை அவள் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. கம்பவுண்டர் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டார்.

"என்ற மச்சானும் ரிக்குலதான் போயிருக்கான்," என்றார். "நீங்க சொல்லுங்கம்மா. சொன்னா அறுக்கறேன். ஆனா இன்னும் நாலு நாள் போனா சொல்றதுக்கு வேலை இருக்காது."

அம்மா தாலியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அறுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா மூடவில்லை. குட்டியின் தலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள்.

கயிறு இரண்டு துண்டாக வந்தது. மருந்து வைத்துத் துணி சுற்றினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், அம்மாவை இல்லை.

"ஆறினப்பறம் எதாச்சும் போட்டீன்னா ரெண்டு வெரல் தாராளமா போகோணும். வளர்ற குட்டிக்கு வாராவாரம் பாக்கோணும். ஆளில்லாதப்பக் கழட்டிப் போடோணும். வேலியில மாட்டுச்சுன்னா தூக்குதான். தெரிஞ்சுதா கண்ணு?"

தெரிந்தது. இன்றைக்கு வரை மறக்கவில்லை.

வெளியே குழாயடியில் அம்மா அந்த இரண்டு துண்டையும் கழுவினாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இரண்டையும் முடிச்சுப் போட்டு இடது மணிக்கட்டில் சுற்றினாள். நீளம் போதவில்லை. முந்தானை ஓரத்தில் நூல் கிழித்துச் சேர்த்தாள். ஒரு கையால் கட்ட வரவில்லை.

"நீ கட்டு," என்றாள்.

நான் கட்டினேன். "அவுக்கல. எடம் மாத்தியிருக்குது. அவ்வளவுதான்," என்றாள். என்னிடம் சொன்னாளா, மலையைப் பார்த்துச் சொன்னாளா தெரியவில்லை.

எதிர்வீட்டு அத்தை எங்களுக்காக வாசலிலேயே காத்திருந்தது. குட்டியின் கழுத்துத் துணியைப் பார்த்தது.

"அறுத்துப் போட்டீங்களா?"

அம்மா கையைக் காட்டினாள்.

"என்ற ஊட்டுக்காரருக்கு எதாச்சும் ஆச்சுன்னா உங்க ஊட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவேன். ஆமா."

"வா அம்மிணி. நானும் கூட உக்காந்துக்கறேன்."

அன்றிலிருந்து அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டது. அம்மா தனியாக வெங்காயம் உரித்தாள். குட்டி மூன்றாம் நாள் தண்ணீர் குடித்தது. பத்து நாளில் களி தின்றது. குரல் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. கார்டு வரவே இல்லை. தினமும் காலையில் எழுந்ததும் அம்மா முதலில் மணிக்கட்டைப் பார்ப்பாள். பிறகுதான் அடுப்பு.

ஆனி கடைசியில் ஒரு மத்தியானம். குட்டி எழுந்து தெரு முனைக்கு ஓடியது. பிறகுதான் எங்களுக்கு ஹாரன் கேட்டது. தெருவே ஓடியது. வண்டி செம்மண் பூசி நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். அம்மா எண்ணினாள். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. ஆறு பேர். ஆறு பேரும் இருந்தார்கள்.

அப்பா கறுத்து மெலிந்திருந்தார். காட்டுப் பக்கம் போர் போடப் போய்விட்டார்களாம். தபாலாபீஸே இல்லையாம். குட்டியைத் தூக்கினார். கழுத்தைப் பார்த்தார். வட்டமாகத் தழும்பு. முடி முளைக்காத இடம்.

"என்னாச்சு?"

"கயிறு குட்டி கழுத்த அறுத்திருச்சுங்க," என்றாள் அம்மா.

"ஒரு வெரல் போச்சே," என்றார் அப்பா. தழும்பிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அம்மா அவர் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

"கயிறு எங்கீங்க?"

"எந்தக் கயிறு?"

"பூசாரி கட்டுனதுங்க."

"ஓ, அதா. மொத போர்லயே அறுத்துப் போட்டாச்சு. சுத்துற ராடுக்கிட்ட கையில எதும் இருக்கப்படாது புள்ள. மாட்டுனா கையோட போயிரும். ஆறு பேருமே அறுத்துட்டோம்."

எதிர்வீட்டு அத்தை தன் வீட்டுக்காரரின் கையைத் தூக்கிப் பார்த்தது. அங்கேயும் ஒன்றுமில்லை.

"ஒரு கார்டுல எழுதியிருக்கலாமுங்க," என்றாள் அம்மா.

"இதையெல்லாமா எழுதுவாங்க?"

அம்மா முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள். "குளிச்சுட்டு வாங்க, சோறாக்கறேன்," என்று உள்ளே போய்விட்டாள். அப்பா பார்த்துவிட்டார். ஆட்டு முடிக்கயிற்றில் சேலை நூல் கலந்திருந்ததைப் பார்த்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிளேடையும் சொன்னேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். குளிக்கப் போக வெகுநேரம் ஆயிற்று.

சாயங்காலம் எதிர்வீட்டு அத்தை ஒரு கிண்ணத்தில் கறி எலும்பு கொண்டுவந்தது.

"நாய்க்குங்க அக்கா," என்றது.

"உக்காரு அம்மிணி," என்றாள் அம்மா.

குட்டி பதினோரு வருடம் இருந்தது. கடைசி வரை கழுத்தருகே யார் கை வந்தாலும் தலையைத் தாழ்த்தி நழுவிவிடும். பட்டையே போடவில்லை.

அடுத்த தையில் மறுபடி பூசை. மறுபடி எலுமிச்சம்பழம். பூசாரி வண்டிக்குக் கட்டினார், ஆட்களுக்குக் கட்டினார். ஒரு துண்டு மிச்சமிருந்தது. குட்டியைக் கைகாட்டிக் கேட்டார்.

"உங்க ரிக்கு நாய்க்கு வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க," என்றார் அப்பா.

அம்மா ஒரு எட்டு முன்னால் வந்தாள். இடது கையை நீட்டினாள். அப்பா அவளைப் பார்த்தார். முதல் போரிலேயே அவர் தன் கயிற்றை அறுத்துவிடுவார் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கயிற்றை வாங்கி அவரே கட்டினார். ரிக்கு முடிச்சு போடவில்லை. இழுத்தால் அவிழ்கிற சாதாரண முடிச்சு. கட்டிவிட்டு, கயிற்றுக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். தாராளமாகப் போனது.

வண்டியில் ஏறும் முன் என்னிடம் குனிந்தார்.

"வாராவாரம் பாரு சாமி."

அம்மாவின் கை வளரப் போவதில்லை. இருந்தாலும் ஆடி வரைக்கும் ஒரு ஞாயிறு விடாமல் பார்த்தேன். அவளும் கையை நீட்டினாள்.